வாழைக்காயும் கொண்டைக்கடலையும் ஆய்வகத்துக்குப் போன கதை

கேள்வி இதுதான்: "குடலில் இருக்கும் பாக்டீரியாதான் நம் எடையையும் நோயையும் முடிவு செய்கிறது என்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர் யார்? எவ்வளவு நம்பலாம்? நல்ல பாக்டீரியாவை அடைத்து விற்கும் புரோபயாடிக் மாத்திரை, குடல் பாக்டீரியாவை அளக்கும் மலப் பரிசோதனை எல்லாம் தேவையா?"

ஒருவர் மட்டும் கண்டுபிடித்ததில்லை. ஆனாலும் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லலாம் என்றால் ஜெஃப்ரி கோர்டன் என்பேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்பவர். 2018-ல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் பெற்றவர். விருதுகளை விடுங்கள். "இந்த நோய் உள்ளவர்களிடம் இந்த பாக்டீரியா அதிகம்" என்ற இடத்தோடு அவர் நிற்கவில்லை. அந்த பாக்டீரியா நோயைக் கொண்டுவந்ததா, இல்லை நோய் வந்த பிறகு வந்து உட்கார்ந்ததா என்று கேட்டார். கேட்டதோடு, அதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழியும் வைத்திருந்தார்.

அந்த வழியின் பெயர் கிருமியற்ற எலி. தாயின் வயிற்றைக் கிழித்து எடுத்த குட்டியை, வெளிக்காற்றே படாத பிளாஸ்டிக் கூடாரத்தில் வளர்ப்பார்கள். உணவு, தண்ணீர், படுக்கைத் தூள் எல்லாம் கிருமி நீக்கப்பட்டவை. கூடாரத்தோடு ஒட்டிய கையுறைக்குள் கையை விட்டுத்தான் எலியைத் தொட முடியும். அப்படித் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த எலியின் குடலில் ஒரு பாக்டீரியாகூட இருக்காது. இந்த முறையை கோர்டன் கண்டுபிடிக்கவில்லை, அவருக்கு முன்பே இருந்தது. அதை அவர் பயன்படுத்திய விதம்தான் புதிது. காலியான வீட்டில் நாம் விரும்பிய ஆட்களை மட்டும் குடி வைத்தால், வீட்டில் என்ன மாறுகிறது என்று பார்க்கலாம் அல்லவா?

முதலில் அவர் பார்த்தது ஒரே ஒரு குடித்தனக்காரரை. பாக்டீராய்டெஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு குடல்வாசி. குடல் சுவரின் செல்கள் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைத் தம் மேற்பரப்பில் தொங்கவிடும். கிருமியற்ற எலிக்குட்டியும் பால் மறக்கும் பருவத்தில் இதைத் தொடங்கும், கொஞ்ச நாளில் நிறுத்திவிடும். இந்த பாக்டீரியாவை உள்ளே விட்டதும் செல்கள் மறுபடி அந்தச் சர்க்கரையைத் தயாரிக்கத் தொடங்கின. அது பாக்டீரியாவுக்குத் தீனி. ஃபியூகோஸைத் தின்னும் திறனை இழந்த ஒரு திரிபை விட்டால், அது குடலில் நன்றாகவே குடியேறியது, ஆனால் செல்கள் அசையவில்லை. அதாவது பசித்த விருந்தாளி சமையலறைக்கே குரல் கொடுத்துச் சாப்பாடு வரவழைக்கிறான். 1996-ல் வந்த இந்தக் கட்டுரை பிரபலமானதல்ல. எனக்கென்னவோ பின்னால் வந்த பெரிய செய்திகளைவிட இதுதான் அழகாகத் தெரிகிறது. தான் குடியிருக்கும் உடலின் மரபணுவை பாக்டீரியாவால் இயக்க முடியும் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

2003-ல் அதே பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் அவருடைய குழு படித்து வெளியிட்டது. சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் நொதிகள் மட்டும் அதில் 200-க்கும் மேல். காய்கறி, கீரை, பருப்புத் தோலில் இருக்கும் நார்ச்சத்தை உடைக்க நம் மரபணுக்களில் இருப்பவை மிகச் சொற்பம். நாம் மெல்லுகிறோம், விழுங்குகிறோம். பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்த மிச்சத்தை இந்த மாதிரி பாக்டீரியாக்கள் உடைத்து, சிறிய கொழுப்பு அமிலங்களாக நமக்கே திருப்பித் தருகின்றன.

(இடையில் ஒன்று. "நம் செல்களைவிட பாக்டீரியா 10 மடங்கு அதிகம்" என்பதை இன்னும் பலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரான் மைலோவின் குழு 2016-ல் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தது. ஒரு சராசரி ஆண் உடலில் மனிதச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. எடை போட்டால் பாக்டீரியா மொத்தமும் 200 கிராம்தான்.)

உலகம் திரும்பிப் பார்த்தது உடல் பருமன் ஆய்வுகளால். சாதாரண எலியின் குடல் நுண்ணுயிர்களை வளர்ந்த கிருமியற்ற எலிக்குக் கொடுத்தார்கள். 14 நாளில் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த எலிகள் முன்பைவிடக் குறைவாகவே தின்றன. இது 2004-ல் வந்தது. 2006-ல் அடுத்த படி: குண்டான எலியின் நுண்ணுயிர்களை ஒரு கூட்டத்துக்கும், ஒல்லியான எலியின் நுண்ணுயிர்களை இன்னொரு கூட்டத்துக்கும் கொடுத்தார்கள். குண்டு எலியிடமிருந்து வாங்கியவை அதிகக் கொழுப்பு போட்டன. ஒரே தீனியிலிருந்து அந்த நுண்ணுயிர்க் கூட்டம் கூடுதலாகச் சக்தியைப் பிழிந்து எடுக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள்.

2013-ல் மனிதர்களிடம் வந்தார்கள். ஒருத்தி பருமனாகவும் மற்றவள் ஒல்லியாகவும் இருக்கும் 4 ஜோடி இரட்டைச் சகோதரிகளைப் பிடித்தார்கள். அவர்களின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களை எடுத்து கிருமியற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது, பருமனான சகோதரியிடமிருந்து வாங்கிய எலி அதிகக் கொழுப்பு போட்டது. அப்புறம் இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றது தின்னும். அருவருப்பான பழக்கம்தான், ஆனால் ஆய்வாளருக்கு வரப்பிரசாதம். ஒல்லியானவளின் நுண்ணுயிர்கள் மற்ற எலிக்குள் போய்க் குடியேறி, அது குண்டாவதைத் தடுத்தன. எதிர்த் திசையில் அப்படி நடக்கவில்லை.

செய்தித்தாள்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டன. கட்டுரையின் அடுத்த பகுதியைப் பலர் படிக்கவில்லை. இந்தக் குடியேற்றம் எந்தத் தீனியிலும் நடந்துவிடவில்லை. கொழுப்பு குறைந்து, காய்கறி, பழம் நிறைந்த தீனி கொடுத்தபோதுதான் நடந்தது. கொழுப்பு நிறைந்து நார்ச்சத்து குறைந்த தீனியில் ஒல்லியானவளின் நுண்ணுயிர்கள் உள்ளே போயும் வேர் பிடிக்கவில்லை. ஆக, நல்ல பாக்டீரியாவைக் கையில் கொடுத்தாலும், அதற்குச் சோறு போடாவிட்டால் அது தங்காது. மாத்திரை விஷயத்துக்கு இந்த ஒரு முடிவு முக்கியம், பிறகு வருகிறேன்.

எல்லாமே வெற்றிக் கதை இல்லை. 2006-ல் இதே ஆய்வகம் 12 பருமனான மனிதர்களைப் பார்த்து, ஃபிர்மிக்யூட்ஸ் என்ற பாக்டீரியாப் பெரும்பிரிவு அவர்களிடம் அதிகம், பாக்டீராய்டெட்டிஸ் என்ற இன்னொரு பெரும்பிரிவு குறைவு, எடை குறையக் குறைய விகிதம் மாறுகிறது என்று எழுதியது. இந்த விகிதம் பருமனின் அடையாளமாக உலகம் முழுக்கப் பரவியது. பிறகு பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த விகிதம் நிலையாகக் கிடைக்கவில்லை. மனிதருக்கு மனிதர் வேறுபாடு அவ்வளவு பெரியது. இன்றும் சில பரிசோதனைக் கூடங்கள் இந்த விகிதத்தை அறிக்கையில் அச்சடித்துக் கொடுக்கின்றன. அதைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை.

கிருமியற்ற எலிக்கும் எல்லை உண்டு. அதன் நோய் எதிர்ப்பு மண்டலமே சரியாக வளர்ந்திருக்காது. ஒரே மரபணு, ஒரே கூண்டு, ஒரே தீனி. அதில் தெரியும் பெரிய மாற்றம், முப்பது வருடம் இட்லியும் பிரியாணியும் மாற்றி மாற்றிச் சாப்பிட்ட மனிதனிடம் அதே அளவில் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

கோர்டனும் பருமனோடு நின்றிருந்தால் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அவர் எதிர்முனைக்குப் போனார்: சாப்பாடு கொடுத்தும் தேறாத குழந்தைகள்.

ஆப்பிரிக்காவின் மலாவியில் 317 இரட்டைக் குழந்தை ஜோடிகளைப் பிறந்ததிலிருந்து 3 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே மக்காச்சோளக் கூழ். அப்படியும் 43 சதவீத ஜோடிகளில் ஒரு குழந்தைக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு வந்தது, மற்றதற்கு வரவில்லை. கால் வீங்கி, முடி நிறம் மாறும் குவாஷியோர்கர் நோயும் இதில் அடக்கம். நோய்ப்பட்ட குழந்தையின் நுண்ணுயிர்களை வாங்கிய எலிகளுக்கு மலாவி உணவையே கொடுத்தபோது அவை எடை இழந்தன. வழக்கமான எலித் தீனி கொடுத்தால் அவ்வளவு இல்லை. மறுபடியும் அதே பாடம்: கெட்ட உணவும் அதற்கேற்ற நுண்ணுயிர்க் கூட்டமும் கைகோக்கும்போதுதான் சிக்கல். நிலக்கடலைப் பசையில் செய்த சிகிச்சை உணவைக் கொடுத்தபோது குழந்தைகளின் நுண்ணுயிர்க் கூட்டம் கொஞ்சம் சீரானது, நிறுத்தியதும் பழைய நிலைக்குச் சரிந்தது.

அப்புறம் வங்கதேசம். டாக்காவில் உள்ள வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச மையத்துக்கு இந்தத் துறையில் தனி மரியாதை உண்டு. உப்புச் சர்க்கரைக் கரைசல் உலகுக்கு வந்ததில் 1960-களின் டாக்கா ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு. அங்கே தஹ்மீத் அகமதுவின் குழுவோடு கோர்டன் சேர்ந்தார். களம் மீர்ப்பூர், டாக்காவின் நெருக்கமான குடிசைப் பகுதி.

முதல் வேலை, நன்றாக வளரும் குழந்தையின் குடல் மாதாமாதம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. தாய்ப்பால் காலத்தில் பிஃபிடோ வகை பாக்டீரியாக்கள் ஆட்சி செய்யும். இணை உணவு தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் புதியவை வந்து சேரும். 24 வகை பாக்டீரியாக்களின் அளவை வைத்தே ஒரு குழந்தையின் வயதைக் கணித்துவிட முடிந்தது. பல் முளைத்திருப்பதை வைத்து வயது சொல்வது மாதிரி. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளை அதே அளவுகோலில் வைத்தார்கள். குழந்தையின் வயதைவிடக் குடலின் வயது பின்தங்கியிருந்தது. சிகிச்சை உணவு கொடுத்தால் கொஞ்சம் எட்டிப் பிடிக்கும், பிறகு மறுபடியும் பின்தங்கும். இது 2014-ல் வந்தது. 2016-ல், இப்படி வயதுக்கு ஏற்ப முதிராத நுண்ணுயிர்க் கூட்டத்தை மலாவிக் குழந்தைகளிடமிருந்து வாங்கிய எலிகள் வளர்ச்சி குன்றின என்றும் காட்டினார்கள். ஆக அது வெறும் அடையாளம் இல்லை, காரணத்திலும் பங்கு உண்டு.

2019-ல் வந்த ஆய்வோடு நமக்கும் ஒரு சிறு நெருக்கம் உண்டு. நல்ல வளர்ச்சியில் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கும் 15 பாக்டீரியாக்களின் கூட்டணி ஒன்றை டாக்கா தரவுகளில் கண்டார்கள். அது பெருவிலும் இந்தியாவிலும் வளரும் ஆரோக்கியமான குழந்தைகளிடமும் பொருந்தியது. குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த அந்தப் பன்னாட்டு ஆய்வில் இந்தியாவின் களம் வேலூர்.

சரி, பின்தங்கிய குடலை எப்படி முன்னுக்கு இழுப்பது? பாக்டீரியாவை மாத்திரையாக்கிக் கொடுக்கலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். கோர்டன் குழு வேறு வழியில் போனது. குறைந்துபோன பாக்டீரியாக்களுக்குப் பிடித்த உணவு எது என்று தேடினார்கள். அதுவும் மீர்ப்பூர் தாய்மார்கள் ஏற்கெனவே குழந்தைக்குக் கொடுக்கும், கடைத்தெருவில் கிடைக்கும் பொருட்களுக்குள்ளேயே. எலிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் சோதித்து, பிறகு 12 முதல் 18 மாத வயதுள்ள 63 குழந்தைகளிடம் 4 வாரம் கொடுத்துப் பார்த்து, கடைசியில் ஒரு கலவையில் நின்றார்கள்: கொண்டைக்கடலை மாவு, நிலக்கடலை மாவு, சோயா மாவு, வாழைக்காய். கூடவே சர்க்கரை, சோயா எண்ணெய், வைட்டமின், தாதுக்கள்.

இந்தப் பட்டியலைப் படித்ததும் நம்மில் பாதிப் பேருக்குச் சத்துமாவு டப்பா ஞாபகத்துக்கு வரும். எனக்கும் வந்தது. ஆனால் "பாட்டிக்கு அன்றே தெரியும்" என்று உடனே எழுதிவிடாதீர்கள். அரிசியும் பருப்பும் பாலும் கலந்த உணவும் பாட்டி சமையலில் உண்டு, அதைப் போன்ற ஒன்றுதான் அடுத்து நடந்த சோதனையில் தோற்ற பக்கம்.

சோதனை எப்படி நடந்தது? மிதமான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள, 12 முதல் 18 மாத வயது மீர்ப்பூர் குழந்தைகள் 123 பேர். பாதிப் பேருக்குப் புதிய கலவை, மீதிப் பேருக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அரிசி, பருப்பு, பால் பவுடர் கலந்த துணை உணவு. தினம் இரண்டு வேளை, 3 மாதம். 118 குழந்தைகள் கடைசி வரை இருந்தார்கள். புதிய கலவையில் கலோரி 15 சதவீதத்துக்கும் மேல் குறைவு. அப்படியிருந்தும் உயரத்துக்கு ஏற்ற எடை அந்தக் குழந்தைகளிடம் வேகமாக ஏறியது. எலும்பு வளர்ச்சி, மூளை வளர்ச்சியோடு தொடர்புள்ள புரதங்கள் இரத்தத்தில் கூடின, அழற்சியோடு தொடர்புள்ளவை குறைந்தன. எடை ஏறுவதோடு சேர்ந்து ஏறிய பாக்டீரியாக்கள் 21 வகை. 2021-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வந்தது.

குறைந்த கலோரியில் அதிக எடை என்பதுதான் இதில் தூக்கிவாரிப் போடும் விஷயம். பட்டினிக்கு மருந்து கலோரி என்றுதான் இத்தனை காலம் கணக்கு போட்டார்கள். அதே சமயம் அளவையும் பார்க்க வேண்டும். இரண்டு குழுவுக்கும் இருந்த வித்தியாசம் சிறியது. அந்த 3 மாதத்தில் உயர வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. குட்டையாகிப்போகும் குழந்தைகள்தான் நம் பகுதி நாடுகளின் பெரிய பிரச்சினை என்பதால் அது சின்ன விஷயமில்லை.

பின்னர் ஏன் வேலை செய்தது என்றும் தோண்டினார்கள். பிரிவோட்டெல்லா கோப்ரி என்ற பாக்டீரியாவின் சில வகைகள் இந்த மாவுகளில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளைக் குறிப்பாக உடைக்கின்றன, அவை இருந்த குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள் என்று 2024-ல் காட்டினார்கள். 1996-ல் ஒரு எலியின் குடல் சுவரில் தொங்கிய சர்க்கரையைப் பார்த்தவர், 28 வருடம் கழித்து வாழைக்காயின் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேள்வி மாறவில்லை: யாருக்கு எது தீனி?

இப்போது மாத்திரை. எந்த நோய்க்கு, எந்த வகை பாக்டீரியா என்று கேட்காமல் 'புரோபயாடிக் நல்லதா' என்று கேட்பது, 'மாத்திரை நல்லதா' என்று கேட்பது போல. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த சோதனையில், பாதிப் பேருக்கு ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் வகையை, அதன் தீனியான சர்க்கரையையும் சேர்த்து, ஒரு வாரம் கொடுத்தார்கள். இரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. அருமையான முடிவு. பாக்டீரியாவோடு அதன் சோற்றையும் கட்டிக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்னொரு பக்கம், 2018-ல் வைஸ்மன் நிறுவனத்தார் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 11 வகை கலந்த புரோபயாடிக் கொடுத்தார்கள். அவர்களின் சொந்தப் பாக்டீரியாக்கள் திரும்பி வர, ஒன்றும் சாப்பிடாமல் விட்டவர்களைவிட அதிக நாள் ஆனது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் 'நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லை' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆரோக்கியமான ஆள் மாதக்கணக்கில் புரோபயாடிக் மாத்திரை வாங்கிச் சாப்பிட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தயிர், மோர் பிடித்தால் சாப்பிடுங்கள். அவற்றில் உள்ளவை பெரும்பாலும் குடலில் நிரந்தரமாகக் குடியேறாது, வழிப்போக்கர்கள்தான். நிரந்தரக் குடிமக்களுக்கு வேண்டியது தோலோடு பருப்பு, பயறு, காய், கீரை.

மற்றவர் மலத்தை மருந்தாக்குவது பற்றியும் கேட்பீர்கள். ஒரே ஒரு நோய்க்கு அது நன்றாக நிரூபணமாகியிருக்கிறது: ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு திரும்பத் திரும்ப வரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் தொற்று. நெதர்லாந்தில் 2013-ல் வெளியான சோதனையில் 16 பேரில் 13 பேர் ஒரே தவணையில் குணமானார்கள். வழக்கமான மருந்தில் 13 பேரில் 4 பேர். எடை குறைக்க, சர்க்கரை நோய்க்கு, மனச்சோர்வுக்கு என்று யாராவது விற்றால் விலகி நடங்கள்.

குடல் பாக்டீரியாவை அளக்கும் மலப் பரிசோதனை: ஆய்வுக்கு அது அருமையான கருவி. உங்கள் ஒருவருடைய அறிக்கையை வைத்து ஒரு மருத்துவர் செய்யக்கூடியது இன்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கோர்டன் குழு குடலின் வயதைக் கணித்தது, ஒரே ஊரில் நன்றாக வளரும் குழந்தைகளை மாதாமாதம் அளந்து ஓர் அளவுகோல் செய்துகொண்ட பிறகு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ நாற்பது வயதில் இருக்கும் ஒருவருக்கு எது 'சரியான' குடல் என்ற அளவுகோலே இல்லாமல் மதிப்பெண் போடுவது எப்படி?

கடைசியாக, இதைப் படித்துவிட்டு வீட்டில் வாழைக்காய், கடலை மாவு கலக்கப் போகும் பெற்றோருக்கு. ஒரு வயது தாண்டிய ஆரோக்கியமான குழந்தைக்கு இவை சாதாரண உணவு, கொடுக்கலாம். நிலக்கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும், மாவாகவோ பசையாகவோதான். முதல்முறை கொஞ்சமாகக் கொடுத்து ஒவ்வாமை வருகிறதா என்று பாருங்கள். டாக்கா சோதனை நடந்தது மிதமான குறைபாடு உள்ள குழந்தைகளிடம், சுகாதாரப் பணியாளர்களின் கண்காணிப்பில். எடை சட்டென்று குறைந்து, கால் வீங்கி, பசியே இல்லாமல் சோர்ந்து கிடக்கும் குழந்தைக்கு எந்த மாவையும் கரைத்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.